ஸ்பிதிக்கு ஒன்பது நாள்: மடாலயம் எல்லாம் ஒன்றுதானா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் நடுவில் ஒன்பது நாள் கிடைக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பி மணாலி வழியாக ஸ்பிதிக்குள் நுழைந்து, முதல் இரவு சந்திரதால் ஏரிக்கரைக் கூடாரம், அப்புறம் கீ, லாங்சா, ஹிக்கிம், கோமிக், தன்கர், தாபோ, கியூ மம்மி, 'பின்' என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் நாலு நாளில் முடித்துவிட்டுத் திரும்பலாமா என்கிறீர்கள். 62 வயது அம்மாவும் கூட வருகிறார். மடாலயங்கள் எல்லாம் ஒரே மாதிரிதானே, ஒன்றைப் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தை இயற்கைக்கு வைத்துக்கொள்ளலாமா என்பது கடைசி வரி. பார்க்க நாள் கணக்குக் கேள்வி போலத் தெரிந்தாலும், பண்பாட்டில் குறைப்பதா இயற்கையில் குறைப்பதா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ஸ்பிதியில் அந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஜியாலஜி. பிழைப்பு, கோடையில் சின்னச் சின்னக் குழுக்களை ஹிமாசலப் பிரதேசத்தின் கின்னௌர், ஸ்பிதி பக்கம் கூட்டிப்போவது. அதனால் பாறையைப் பற்றியும் வழியைப் பற்றியும் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். ஓவியமும் பௌத்தமும் படித்தும் அங்கிருக்கும் லாமாக்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை. மருத்துவம் என் துறையே இல்லை, அம்மா விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடைய டாக்டருடையது.

முதலில் திசையை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம். மணாலி சுமார் 2,050 மீட்டர். 2020இல் திறந்த அடல் சுரங்கம் வந்தபின் ரோதாங் கணவாய் ஏறாமலேயே அந்தப் பக்கம் போய்விடலாம் என்பதால் பலரும் இப்போது அந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் சந்திரதால் 4,250 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே தூங்குவது இருபத்தைந்து வயதுக்காரனையே படுக்க வைக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் தங்கிக்கொள்ளுங்கள் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்றுக்கொண்ட விதி. சிம்லா, கின்னௌர் வழியாக வந்தால் இந்த விதி தானாகவே நடந்துவிடும். சிம்லா 2,200, கல்பா 2,900க்கு மேல், தாபோ 3,280, ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா 3,650 அளவில். படி ஏறுவது போல ஒவ்வொன்றாக ஏறுவீர்கள். திரும்பும்போது மணாலி வழியாக இறங்கினால் குன்சும் கணவாயையும் பார்த்த மாதிரி ஆகிவிடும், அதற்குள் உடம்பும் பழகியிருக்கும்.

தலைவலி, வாந்தி, தூக்கமின்மை லேசாக வந்தால் அன்றைக்கு மேலே ஏறாமல் தங்குங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் கீழே இறக்கிவிடுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரைக் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்மா எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலும் அவர் கையில் இருக்கட்டும்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். கல்பா வரைக்கும் தேவதாரு, ஆப்பிள் தோட்டம், எதிரே கின்னர் கைலாஸ் என்று கண்ணுக்குப் பச்சையாகவே இருக்கும். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் வந்து சேர்கிறது, அதைத் தாண்டி வண்டி மேலே ஏற ஏறப் பச்சை நின்றுபோகும். பருவமழை மேகங்களைத் தெற்கே இருக்கும் பெரிய மலைத்தொடர்கள் தடுத்துவிடுகின்றன, ஸ்பிதி மழை மறைவுப் பகுதி. அங்கே ஈரம் வருவது பெரும்பாலும் குளிர்காலப் பனியாகத்தான். ஊரின் வீடு, வயல், கோயில், குடும்பம், கழிப்பறை வரைக்கும் எதை எடுத்தாலும் காரணம் இந்த வறட்சியில் போய் நிற்கும். நீங்கள் இயற்கை என்று ஒரு பட்டியலிலும் பண்பாடு என்று இன்னொரு பட்டியலிலும் எழுதி வைத்திருப்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்தவை.

தாபோவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகவே இருக்கும்: உயரமில்லாத மண் கட்டடங்கள், ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை, சுவரில் பூச்சு வழிந்த தடங்கள். வண்டியை நிறுத்தி வெளியே ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் கூட்டத்தைத் தினமும் பார்க்கலாம். வளாகத்துக்குள் ஒன்பது கோயில்கள், பெரிய மண்டபம்தான் மிகப் பழையது. உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. அவசரப்படாமல் சுவரோரம் உட்காருங்கள், கண் பழக ஐந்து பத்து நிமிடம் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரின் பாதி உயரத்தில் வரிசையாக உருவங்கள் தெரிய ஆரம்பிக்கும். தரையில் நிற்காமல், தாமரை இருக்கையோடு சுவரிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்திருக்கும் களிமண் தெய்வங்கள், கிட்டத்தட்ட ஆள் அளவு, எண்ணினால் 32. நடுவில் நாலு திசையும் பார்க்க நாலு உடம்போடு வைரோசனர் என்ற புத்தர். மொத்த மண்டபமும் ஒரு மண்டலம், அதாவது நடுவில் ஒரு புத்தரையும் சுற்றிலும் தெய்வங்களையும் வைத்த தியான வரைபடம், நீங்கள் அதற்குள்ளே நிற்கிறீர்கள். சாதாரணமாகத் துணியில் வரைந்து மாட்டும் மண்டலத்தை இங்கே ஆள் நடமாடும் அளவுக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. டார்ச் அடிக்கலாமா என்று கதவருகே இருக்கும் லாமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சிலைகளுக்குக் கீழே ஓடும் ஓவியப் பட்டையை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பக்கம் புத்தர் வரலாறு. தெற்குப் பக்கம் சுதனன் என்ற வணிகர் வீட்டுப் பிள்ளை ஞானம் தேடி ஆசிரியர் ஆசிரியராகப் போகிற யாத்திரை, காட்சிக்குக் காட்சி திபெத்திய எழுத்தில் பத்தி பத்தியாகக் கதையும் எழுதியிருக்கிறார்கள். கண்டவியூக சூத்திரம் என்ற மகாயான நூலின் கதை இது. அந்த நூலில் சுதனன் தெற்கே தெற்கே என்று போகிறான், சந்திக்கும் ஆசிரியர்களில் ஒருவர் திராவிட நாட்டு மேகன். இமயத்தின் உச்சியில் ஒரு மண் சுவரில் நம் பக்கத்துக்கு வந்துபோகிற ஒரு பயணத்தைத் தீட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அரையிருட்டில் அரை மணி நேரம் உட்கார மனம் வரும். எனக்குத் திபெத்திய மொழி வாசிக்கத் தெரியாது, எந்தக் கட்டத்தில் எந்த ஆசிரியர் என்று அங்குள்ளவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாபோவின் வயது பற்றி ஒரு வார்த்தை. பலகைகளில் 996 என்று போட்டிருக்கும். கோயில் கல்வெட்டு என்று சொல்லப்படுவது சுவரில் மையால் எழுதிய பத்தி, அதில் இருப்பது குரங்கு ஆண்டு என்ற பன்னிரண்டாண்டுச் சுழற்சிப் பெயர்தான். மேற்குத் திபெத்தின் குகே அரசன் யேஷே ஓ கட்டினார், 46 ஆண்டு கழித்து அவர் வழிவந்த ஜாங்சுப் ஓ புதுப்பித்தார் என்று அது சொல்கிறது. 996, 1042 என்பவை ஆய்வாளர்கள் கணக்குப்போட்டு எடுத்தவை, பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை, நானும் நம்புகிறேன். மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போ (958-1055) மேற்குத் திபெத்தில் பௌத்தம் மீண்டும் தழைத்த இந்த மறுமலர்ச்சியின் மையம் என்பதிலும் சந்தேகமில்லை. அவர் 108 கோயில் கட்டினார், காஷ்மீரிலிருந்து 32 கலைஞர்களைக் கூட்டிவந்தார் என்பதெல்லாம் மரபு சொல்லும் எண்கள், 108 என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஆனால் ஓவியத்தில் காஷ்மீரச் சாயல் இருப்பது நிஜம். காஷ்மீரத்தில் அந்தக் காலத்து ஓவியம் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோனதால், அது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க இன்று தாபோ, லடாக்கின் ஆல்ச்சி போன்ற சில இடங்களுக்குத்தான் போக வேண்டும். சுடாத களிமண்ணும் மண் சுவரும் ஆயிரம் வருஷம் நின்றதற்கு மழை வராததுதான் பெரிய காரணம்.

அப்படியானால் எல்லா மடாலயமும் ஒன்றுதானா என்றால், இல்லவே இல்லை. திபெத்திய பௌத்தத்தின் பிரிவுகளில் தாபோ, தன்கர், கீ மூன்றும் இன்று கெலுக் பிரிவு, கோமிக்கில் இருப்பது சாக்யா பிரிவு, பின் பள்ளத்தாக்கின் குங்ரி நியிங்மா. பிரிவை விடுங்கள், கட்டடமே வேறு வேறு வேலைக்குக் கட்டியது. தாபோ சமதளத்தில் வழிபாட்டுக்கும் படிப்புக்கும் எழுந்தது. தன்கர் கோட்டை மாதிரி, ஸ்பிதியின் பழைய தலைநகர், பின் ஆறும் ஸ்பிதி ஆறும் சேரும் இடத்தைக் கீழே வைத்துக்கொண்டு அரித்துப்போன கொம்புகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கொம்புகள் கெட்டிப் பாறை இல்லை, சரளையும் வண்டலும் இறுகியவை, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் உதிர்கின்றன. 2006இல் உலக நினைவுச் சின்ன நிதியம் அழியும் ஆபத்தில் உள்ள 100 இடங்களில் தன்கரைச் சேர்த்தது சும்மா இல்லை. அதனால் ஒரே அறைக்குள் கும்பலாக நிற்காதீர்கள். கீ, குன்று முழுக்க அறை மேல் அறையாக ஏறியது, நிறையச் சிறுவர்கள் படிக்கும் மடம். படையெடுப்பு, தீ, 1975 நிலநடுக்கம் என்று பலமுறை அடிபட்டு எழுந்ததால் நீங்கள் பார்க்கும் சுவர்களில் பெரும்பகுதி அவ்வளவு பழையதல்ல. வாசலில் எழுதியிருக்கும் வயதை மடத்தின் வயதாக எடுத்துக்கொள்ளுங்கள், கட்டடத்தின் வயதாக வேண்டாம். அங்கே சமையலறையில் கறுப்பேறிய கூரைக்குக் கீழே உட்கார வைத்து ஒரு டம்ளர் தேநீர் தருவார்கள், மறுக்காதீர்கள். மூன்றில் ஒன்றை விட வேண்டும் என்றால் கீயைத்தான் விடுவேன், படங்களில் அதுதான் அதிகம் வருகிறது என்றாலும்.

கியூ மம்மி பற்றி இணையத்தில் நிறையக் கதை உலவுகிறது. உறுதியானது இவ்வளவு: உட்கார்ந்த நிலையில் ஒரு துறவியின் உடல், சுமார் 500 வருஷம் பழையது, பதப்படுத்தும் மருந்து எதுவும் போடாமல் இயற்கையாகக் காய்ந்தது, 1975 நிலநடுக்கத்தில் சமாதி திறந்தது, 2004இல் வெளியே எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உணவைக் குறைத்துத் தியானத்திலேயே உயிர் விட்டார் என்பது ஆய்வாளர்களின் ஊகம், கழுத்தைச் சுற்றிய தியானப் பட்டை அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறது. ஊரைத் தேளிடமிருந்து காப்பாற்ற உயிர் கொடுத்தார் என்பது ஊர்க்கதை, அழகான கதை. முடியும் நகமும் இன்னும் வளர்கின்றன என்று டிரைவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். அம்மாவுக்குப் பிணம் பார்க்கத் தயக்கம் இருந்தால் இந்த இடத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.

லாங்சாதான் என் சொந்தக் களம், கொஞ்சம் நீட்டினால் மன்னிக்கவும். மரமோ புல்லோ மூடாததால் அங்கே பாறை திறந்த புத்தகமாகக் கிடக்கிறது. ஸ்பிதி ஷேல் என்று ஜியாலஜியில் பெயர் பெற்ற கறுப்புக் களிப்பாறை, சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன், இமயம் எழுவதற்கு முன்னால் அங்கிருந்த டெத்திஸ் கடலின் அடியில் படிந்த சேறு. அதில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் இருக்கும், உடைத்தால் உள்ளே அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரின் கல்லான ஓடு, சுருள் சுருளாக. அம்மாவுக்குச் சாளக்கிராமம் தெரிந்திருக்கும். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அதுவும் இதே கடலின் இதே உயிர்தான் என்று சொல்லிப் பாருங்கள், மலை ஏறி வந்த களைப்பு போய்விடும். நம் அரியலூர், பெரம்பலூர் பக்கத்திலும் அம்மோனைட் உண்டு, ஆனால் அது இதைவிட இளையது, கிரிட்டேசியஸ் காலத்தது. இரண்டையும் ஆராய்ந்தவர் ஒருவரே: இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1860களில் ஸ்பிதியின் பாறை அடுக்குகளுக்கு அங்கிருக்கும் கிராமங்களின் பெயரை வைத்தார், தென்னிந்திய கிரிட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றித் தடித்தடியாகத் தொகுதிகள் எழுதினார். 1874இல் காரகோரம் கணவாயைக் கடந்து திரும்பும் வழியில் 36 வயதில் லடாக்கில் இறந்தார். உயரம் ஒத்துக்கொள்ளாத நோய்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். முன்னே அம்மாவைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேனே, இமயத்தைக் கரைத்துக் குடித்த ஆளையே அது விடவில்லை. அப்புறம், பிள்ளைகள் அம்மோனைட் விற்க வந்தால் வாங்காதீர்கள். வாங்க வாங்கச் சரிவைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள்.

கோமிக் உலகிலேயே உயரமான, சாலை போகும் கிராமம் என்ற பலகை முன்னால் வரிசையில் நிற்பார்கள். சுமார் 4,580 மீட்டர். ஆனால் பெருவில் லா ரின்கொனாடா என்ற ஊரே 5,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, வண்டியும் போகிறது. ஹிக்கிம் அஞ்சலகம் உலகின் உயரமானது என்பதும் எதை அஞ்சலகம் என்று கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எது எப்படியோ, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கார்டு போடுவது நல்ல விளையாட்டு. அதற்காக மட்டும் கோமிக்குக்கும் ஓடத் தேவையில்லை.

கிராமத்தில் ஒரு இரவாவது வீட்டுத் தங்கலில் இருங்கள். விளைநிலம் என்பது பனியாற்று நீர் வாய்க்கால் வந்து எட்டும் இடம் வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு அடி கூட்ட முடியாது. நிலத்தைப் பங்கு போட்டால் யாருக்கும் போதாது. அதனால் பழைய வழக்கப்படி வீடும் வயலும் மூத்த மகனுக்கு, இளையவர்கள் மடத்துக்கு. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றோர் பக்கத்துச் சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். மடத்தில் இவ்வளவு பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்பதற்குப் பாதிப் பதில் பக்தி, மீதிப் பதில் வாய்க்கால் தண்ணீர். இப்போது படிப்பு, பட்டாணி வியாபாரம், டூரிஸ்ட் வருமானம் எல்லாம் வந்து இந்த முறை தளர்ந்துகொண்டிருக்கிறது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது கழிப்பறை. பழைய வீடுகளில் தண்ணீர் ஊற்றும் வழக்கமே இல்லை, தரையில் ஒரு துளை, போனபின் பக்கத்தில் இருக்கும் மண்ணையோ சாம்பலையோ ஒரு மண்வெட்டி தள்ள வேண்டும், கீழே சேர்வது அடுத்த வருஷம் வயலுக்கு உரம். வறண்ட காற்றில் நாற்றம் அதிகம் இருக்காது. தாபோ, காஸா விடுதிகளில் வழக்கமான கழிப்பறையே உண்டு.

இந்த வறட்சி இப்போது அவ்வளவு நம்பத்தகுந்ததாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜூலையில் மழையும் பருவம் தப்பிய பனியும் சேர்ந்து சந்திரதாலில் நூற்றுக்கணக்கான பயணிகளை மாட்ட வைத்தன, மீட்கவே நாட்கள் ஆனது. தட்டையான மண் கூரைக்குப் பனி பழக்கம், மேலே ஏறித் தள்ளிவிடுவார்கள். மணிக்கணக்கில் ஊறும் மழைதான் அதற்குப் பழக்கமில்லை. தாபோ ஓவியங்களின் மேல் தண்ணீர் வழிந்த கோடுகளை நீங்களே பார்ப்பீர்கள். கிராமங்களில் மண் வீடு இடிந்து கான்கிரீட் எழுவதற்கும் இது ஒரு காரணம். கான்கிரீட் வீடு குளிரில் ஐஸ் பெட்டி என்று அதில் இருப்பவர்களே புலம்புவார்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால்: முதல் நாள் விமானத்தில் சண்டிகர், அன்றே சிம்லா. இரண்டாம் நாள் நீண்ட பயணம், கல்பா. மூன்றாம் நாள் கல்பாவிலேயே ஓய்வு, கிராமத்துக்குள் நடை. நான்காம் நாள் நாகோவில் சாப்பாடு, ஏரியும் பழைய கோயில்களும் பார்த்துவிட்டுத் தாபோ. ஐந்தாம் நாள் முழுக்கத் தாபோ, காலையிலும் மாலையிலும் கோயில், நடுவில் ஆப்பிள் தோட்டத்தில் சும்மா உட்காருங்கள், அது பழுக்கும் நேரம்தான். ஆறாம் நாள் தன்கர் வழியாகக் காஸா. ஏழாம் நாள் லாங்சா, ஹிக்கிம், தெம்பு இருந்தால் கீ. எட்டாம் நாள் விடியும் முன் கிளம்பிக் குன்சும் வழியாக மணாலி, பத்து மணி நேரம் ஆகும், வழியில் பட்டால் என்ற இடத்தில் சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். ஒன்பதாம் நாள் சண்டிகர் வந்து ராத்திரி விமானம். சந்திரதாலும் பின் பள்ளத்தாக்கும் இதில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன்.

சில்லறை விஷயங்கள். இந்தியர்களுக்கு இந்த வழியில் உள்கோட்டு அனுமதி தேவையில்லை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் கூட வந்தால் அவருக்குக் கின்னௌர்-ஸ்பிதி எல்லைப் பகுதிக்கு வேண்டும். ரொக்கம் சிம்லாவிலேயே எடுத்து வையுங்கள், காஸா ஏடிஎம்மை மட்டும் நம்ப வேண்டாம். செப்டம்பரில் பகலில் வெயில் சுடும், ராத்திரி கம்பளி போதாது. ஸ்தூபியையும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய 'மணி' சுவரையும் வலமாகச் சுற்றிப் போங்கள், நம் ஊர்ப் பழக்கமே போதும். செப்டம்பர் கடைசியில் குன்சும் மேல் திடீரென்று பனி விழுந்து ஓரிரு நாள் வழி அடைபடுவது உண்டு. அப்படி ஆனால் வந்த வழியே கின்னௌர் பக்கம் திரும்புவதற்கு இரண்டு நாள் பிடிக்கும். அதனால் திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், அலுவலகத்தில் பத்தாவது நாளையும் கேட்டு வையுங்கள், காஸாவில் ஏழாம் நாள் மாலை குன்சும் நிலவரத்தை டாக்ஸி ஸ்டாண்டில் விசாரித்துவிட்டுத் தூங்குங்கள்.